உடன்பிறந்தவன் கேட்கக் கூடாத சொல்

லெதவெர் ஓடவில்லை. ஃபைலாங் தீவில் மொத்தம் தொண்ணூறு பேர். அதில் ஒருத்தி ஓடினால் மற்ற எண்பத்தொன்பது பேருக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். அதனால் நடந்தாள். கையில் ஒட்டியிருந்த மஞ்சளையும் ரத்தத்தையும் இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே, முடிந்த மட்டும் வேகமாக நடந்தாள்.

பின்னால், கடற்கழியின் கரையில் பெண்கள் வீடு. அதற்குள் அவள் தங்கை நெயிமாக் பாயில் கிடந்தாள். குழந்தை பிறந்து ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. அழுது, குளித்து, தூங்கியும் விட்டது. நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. கடைசி அரை மணியாக ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

தீவின் மருந்துப் பெட்டி பதினாறு வருஷமாக லெதவெரின் பொறுப்பு. முப்பத்தோரு பிரசவம் பார்த்திருக்கிறாள். கொடி விழாமல் நிற்பது இதுவே முதல் தடவை. இனி என்ன செய்வதென்று யாப் தீவிலிருக்கும் ஆஸ்பத்திரிதான் சொல்ல வேண்டும். அரசுக் கப்பல் வர இன்னும் பதினெட்டு நாள். அதுவரை யாப்புக்கு வழி ரேடியோ ஒன்றுதான்.

அந்த ரேடியோவில் உட்கார்ந்திருப்பவன் அவள் தம்பி யலிமார்.

சிக்கல் அதுதான்.

ஃபைலாங்கில் உடன்பிறந்த ஆண் காதில் விழக்கூடாத சொற்கள் என்று ஒரு பெரிய மூட்டையே உண்டு. பிரசவம், ரத்தம், பெண்ணின் உடம்பு, ஒதுங்கப் போவது, எல்லாம் அதற்குள் அடக்கம். போன வருஷம் ஒரு விருந்தில், கள் மப்பில் ஒருவன் கழிப்பறை வேடிக்கை ஒன்றைச் சொன்னான். பக்கத்தில் அக்காவோடு உட்கார்ந்திருந்தவன் கையிலிருந்த மீனை அப்படியே இலையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அந்த அக்கா ஒரு மாதம் ஊர்ப் பாதையில் தலைகாட்டவில்லை. வேடிக்கை சொன்னவன் ஏழு நெய்த துணி கொடுத்துக் காலில் விழுந்தான்.

ஆனால் அந்த விருந்தில் உட்கார்ந்திருந்தவனால் எழுந்து போக முடிந்தது. யலிமாரால் அது முடியாது. உப்புக்காற்று தின்ற பழைய ரேடியோ அது. யாப்பின் குரல் அதில் ஓர் இடத்தில் நிற்காது, ஈர மீன் மாதிரி நழுவும். காதைத் தீட்டிக்கொண்டு, குமிழை நூலளவு திருகித் திருகி, குரலைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் கைவாகு தெரிந்த இன்னொரு ஆள் போன கப்பலில் மகளைப் பார்க்கப் போய்விட்டான். காதைப் பொத்திக்கொண்டு செய்கிற வேலையில்லை அது.

ரேடியோக் கொட்டகையில் யலிமார் பலகையில் உட்கார்ந்திருந்தான். லெதவெர் இடுப்பை வளைத்துக் குனிந்தபடி உள்ளே வந்தாள். தம்பி உட்கார்ந்திருக்க அக்கா நிமிர்ந்து நிற்பதில்லை. அவளுக்கு நாற்பத்து மூன்று வயதானாலும் அப்படித்தான்.

"யாப் வேணும்," என்றாள் தரையைப் பார்த்து.

"ஆஸ்பத்திரியா?"

"ம்."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. சுவிட்சைத் தட்டினான். கொரகொரப்புக்கு நடுவே லுகோர் தீவின் மோக்லுங் உற்சாகமாக அளந்துகொண்டிருந்தான். "...நேத்து பிடிச்ச ஆமை எங்க வாத்தியார் அளவுக்கு இருந்துச்சுன்னா நம்பணும். ஆமைக்குக் கொஞ்சம் புத்தி ஜாஸ்தி, அவ்வளவுதான் வித்தியாசம். ஓவர்."

"ஃபைலாங் பேசறேன்," என்றான் யலிமார். "வழி விடு மோக்லுங். ஆஸ்பத்திரி அவசரம்."

"அவசரமா? யாருக்கு? ஓவர்."

யலிமார் குமிழைத் திருகினான். கொஞ்ச நேரத்தில் யாப்பின் குரல் வந்தது. நர்ஸ் மக்தலேனா. வாயில் பாக்கு இருப்பது பேச்சிலேயே தெரிந்தது. "ஆஸ்பத்திரி. சொல்லுங்க ஃபைலாங். ஓவர்."

மைக் லெதவெரின் கைக்கு வந்தது. இந்த அலைவரிசையில் பத்துத் தீவு ஆண்கள் காது வைத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அவள் குலம். குல வழக்கப்படி எல்லாரும் உடன்பிறந்தவர்கள்தான். அவள் சுற்றி வளைத்து ஆரம்பித்தாள்.

"இங்க ஒரு படகு கரைக்கு வந்திருக்கு. நல்லபடியாதான் வந்துச்சு. ஆனா நங்கூரம் வரலை, உள்ளயே நிக்குது. கயிறு மட்டும் வெளியே தொங்குது. தண்ணி... சிவப்புத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. ஓவர்."

மறுபக்கம் பாக்கு மெல்வது நின்றது. "படகா? ஏம்மா, இது ஆஸ்பத்திரி. படகு ரிப்பேருன்னா கப்பல் ஆபீசைக் கூப்பிடு. ஓவர்."

"ஃபைலாங்!" என்று மோக்லுங் குறுக்கே விழுந்தான். "எந்தப் படகுல ஓட்டை? நான் நார்க்கயிறும் கறிப்பலாப் பாலும் எடுத்துக்கிட்டுக் காலையில கிளம்பி வரட்டுமா? அடைச்சுப் பூசிடலாம். ஓவர்."

லெதவெர் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது எவாத் தீவிலிருந்து ஒரு பெண் குரல் வெடித்தது. அங்கே பள்ளிக்கூடம் நடத்தும் இதெமால்.

"அந்தக் கறிப்பலாப் பாலை உன் வாயில ஊத்தி அடைக்கணும், மோக்லுங்! படகாம், ஓட்டையாம்! பொம்பளைப் பேச்சுடா அது, முட்டாள்! ரேடியோவை அணைங்க எல்லாரும்! ஆஸ்பத்திரி அம்மா, அது பிரசவம். கொடி விழலைங்கறா. கேளுங்க. ஓவர்."

ஒரு நொடி வெறும் இரைச்சல். பிறகு மோக்லுங்கின் குரல், பாதியாகச் சுருங்கி வந்தது. "லுகோர் அணைக்குது." டிக். இன்னொரு தீவு. டிக். இன்னொன்று. ஒவ்வொரு ஆணும் தன் தீவின் பெயரைச் சொல்லிவிட்டு வெளியேறினான். எண்ணி ஒன்பது டிக். பத்தாவது தீவின் ஆண் லெதவெருக்கு ஒரு முழம் தள்ளி, குமிழில் விரலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மக்தலேனாவுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் நேரமில்லை. கேள்விகள் கல் மாதிரி வந்து விழுந்தன. குழந்தை எப்போது பிறந்தது? எத்தனை துணி நனைந்தது? வயிறு கெட்டியாக இருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா? லெதவெர் முணுமுணுத்தாள்.

"சத்தமா சொல்லும்மா! எலி மாதிரி கீச்சிடாதே!"

சத்தமாகச் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் தம்பியின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூனியது.

"சரி. மூத்திரம் போனாளா?"

யலிமாரின் விரல் நடுங்கியது. குரல் நழுவி இரைச்சலுக்குள் போயிற்று. அவன் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்தபோது முன்னைவிடப் பலமாக வந்தது. "மூத்திரம்! போனாளா, இல்லையான்னு கேக்கறேன்! ஓவர்!"

கொட்டகை முழுக்க அந்தச் சொல் நின்றது.

"ஆச்சு," என்றாள் லெதவெர். "எல்லாம் ஆச்சு. ஓவர்."

ஆச்சா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கேள்வியை அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினால் போதும் என்று இருந்தது.

"நல்லது. அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி ஊசி மருந்து இருக்கா? ஒண்ணைத் தொடையில போடு. குழந்தையை மார்ல விடு. கொடியைப் பிடிச்சு இழுத்துடாதே, கர்ப்பப்பையே கூட வந்துடும். அரை மணியில கூப்பிடு. ஓவர்."

பெண்கள் வீட்டில் யலிமாரின் மனைவி இலமெய், நெயிமாக்குக்கு ஓலையால் விசிறிக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணி, என் வீட்டுக்காரர் ரேடியோவிலயாவது பேசினாரா? இல்ல வீட்ல மாதிரி 'ம்' மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு, லெதவெரின் முகத்தைப் பார்த்ததும் விசிறியை வேகமாக ஆட்டினாள்.

ஊசி போட்டாள். குழந்தையை மார்பில் விட்டாள். அது சப்புக்கொட்டிக் குடித்தது. கொடி அசையவில்லை. ஐந்தாவது துணி நனைந்தது. லெதவெர் ஆறாவதை மடித்து வைத்தாள்.

"அக்கா, குளிருது," என்றாள் நெயிமாக். உச்சி வெயிலில் குளிர். அவள் உதடு சாம்பல் நிறமாகியிருந்தது.

லெதவெர் மறுபடி வயிற்றில் கை வைத்தாள். மருந்து போட்டால் கர்ப்பப்பை தொப்புளுக்குக் கீழே கெட்டியாக இறங்க வேண்டும். இது மேலே ஏறி வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்குக் கீழே வேறொன்று, தண்ணீர் நிறைந்த தோல்பை மாதிரி தளும்பியது. நிறைந்த மூத்திரப்பை கர்ப்பப்பையை இறங்கவிடாமல் தள்ளிக்கொண்டிருந்தது.

"நெயி, இன்னிக்கு ஒதுங்கப் போனியா?"

"இல்ல."

"காலையிலேருந்தா?"

"விடியறதுக்கு முன்னாடி போனது. அப்புறம் எப்படிப் போறது? அண்ணன் பாதையிலயே நின்னுக்கிட்டிருந்தான், அந்த சூரியப் பலகையைக் கம்பத்துல கட்டிக்கிட்டு. அவன் போறதுக்குள்ள வலி வந்துடுச்சு."

இலமெய் தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் தாங்கி உட்காரவைத்தார்கள். நெயிமாக்கின் தலை தொங்கியது. "வரலை அக்கா. வரவே மாட்டேங்குது."

பெட்டியின் அடியில் உறையோடு ஒரு ரப்பர் குழாய் இருந்தது. யாப்பில் பயிற்சியின்போது ஒரு கிழவருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண்ணுக்கு எப்படி என்று காட்டவில்லை. காட்டியவர் ஆண், பார்த்தவர்களில் பாதி ஆண்கள், இவளும் கேட்கவில்லை.

இந்தத் தடவை லெதவெர் ஓடினாள். பாதையில் கிழங்கு சுமந்து வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கொட்டகைக்குள் யலிமார் ஏற்கெனவே ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். விளக்கு மங்கலாக எரிந்தது. "சூரியப் பலகை மேல மேகம்," என்றான் திரும்பாமல். "பாட்டரி பத்து நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல தெரியாது."

மக்தலேனாவின் குரல் ஊசி முனையாக மெலிந்து வந்தது. "சொல்லு ஃபைலாங். வந்துச்சா? ஓவர்."

"ஊசி போட்டாச்சு. வரலை. அப்புறம்... முன்னாடி ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். ஓவர்."

"என்ன தப்பு? ஓவர்."

லெதவெரின் வாய் திறந்தது. சொல் வரவில்லை. அது தொண்டை வரைக்கும் வந்து, தம்பியின் பின்கழுத்தைப் பார்த்துத் திரும்பிப் போனது. அவன் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவள் விழுங்கி வந்த சொல்.

"ஃபைலாங், இருக்கியா? என்ன தப்பு? ஓவர்!"

"அக்கா," என்றான் யலிமார். "குரல் போய்க்கிட்டே இருக்கு."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு பலகையிலிருந்து இறங்கித் தரையில் குந்தினான். கை மட்டும் மேலே நீண்டு குமிழைப் பிடித்திருந்தது. தலை அவள் முழங்காலுக்குக் கீழே கவிழ்ந்திருந்தது. எந்தத் தம்பியும் எந்த அக்காவுக்கும் முன்னால் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"மூத்திரம் போகலை!" என்று கத்தினாள் லெதவெர். "விடியறதுக்கு முன்னாடி போனதுதான். நான் பொய் சொல்லிட்டேன். பை மேல ஏறி வலப்பக்கம் சாஞ்சிருக்கு. குழாய் இருக்கு, ஆனா பொம்பளைக்குப் போட்டதில்ல. எங்க, எப்படின்னு சொல்லுங்க! ஓவர்!"

யாப்பில் மக்தலேனா பாக்கைத் துப்பினாள். "அடிப் பாவி! அதைச் சொல்ல அரை மணியா? கேட்டுக்கோ. முதல்ல கையையும் குழாயையும்..."

குரல் செத்தது. யலிமார் திருகினான். இரைச்சல். மறுபடி திருகினான். லெதவெருக்கு எதுவும் கேட்கவில்லை. மழைக்கு முந்திய கடல் மாதிரி ஒரே ஓசை. அவன் முட்டி போட்டு நகர்ந்து, பெட்டியின் வலையில் காதை அழுத்தினான்.

"கேக்குதா?" என்றாள்.

அவன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். உதடு அசைந்தது. அவனுக்கு மட்டும் கேட்டது.

முழுசாக மூன்று மூச்சு நேரம் அவன் பேசவில்லை. லெதவெர் அந்த மூன்று மூச்சிலும் தங்கையைச் சாகக் கொடுத்தாள். எழுந்து வெளியே போய்விடுவான். போனால் குற்றம் சொல்ல இந்தத் தீவில் ஆளில்லை.

யலிமார் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தான். காலையில் கடல் நிலவரம் படிப்பானே, அந்தக் குரலில்.

"குழாயையும் கத்திரியையும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கணும்ங்கறாங்க. கையை சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவணும். அவளை மல்லாக்கப் படுக்க வச்சு..." நின்றான். காதை இன்னும் அழுத்தினான். "முழங்காலை மடக்கி அகட்டணும். ரெண்டு விரலால விலக்கிப் பாத்தா, குழந்தை வந்த வழிக்கு மேல..."

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். நர்ஸ் எந்தச் சொல்லைப் போட்டாளோ அதே சொல்லை, மூடாமல், மாற்றாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அவன் நெற்றியிலிருந்து வியர்வை பெட்டியின் மேல் சொட்டியது. லெதவெர் அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஓர் இடத்தில் மாற்றிச் சொன்னபோது, "இல்ல. மேல. கீழ இல்ல," என்று திருத்தினான்.

"எவ்வளவு தூரம் உள்ள?"

"விரல் நீளத்துக்கு மேல போகக் கூடாது. தண்ணி வந்ததும் நிறுத்து. வடிஞ்சப்புறம் பை இறுகும். இறுகினாத்தான் இடது கையால மேல தாங்கிக்கிட்டு, வலது கையால மெதுவா... பை இறுகாம கொடியை இழுக்காதே, மெதுவா, மெதுவா, மெதுவாங்கறாங்க. மூணு தடவை சொன்னாங்க. வந்த கொடி முழுசா இருக்கான்னு விரிச்சுப் பாரு. இன்னொரு ஊசி..."

விளக்கு அணைந்தது.

"போடச் சொன்னாங்களா, வேண்டாம்னாங்களா?"

"போடச் சொன்னாங்க," என்றான். கண்ணைத் திறக்கவில்லை. "போ அக்கா."

பெண்கள் வீட்டில் கொதிதண்ணீர் தயாராக இருந்தது. லெதவெர் கையைக் கழுவினாள். முதல் தடவை தவறியது. நெயிமாக் முனகினாள். இரண்டாவது தடவை, தம்பி திருத்திய அந்த 'மேல'யை மனதுக்குள் சொல்லிக்கொண்டு செலுத்தினாள். சிரட்டை நிறைந்தது. இலமெய் கொட்டிவிட்டு வந்து மறுபடி வைத்தாள். அதுவும் பாதிக்கு மேல் நிறைந்தது. சாய்ந்து நின்ற பை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவுக்கு வந்து இறங்கிக் கல்லாக இறுகியது. இடது கையால் தாங்கினாள். மெதுவா, மெதுவா, மெதுவா. வழுக்கிக்கொண்டு வந்தது, முழுசாக.

இரண்டாவது ஊசியும் போட்டாள். ஏழாவது துணி பாதி நனைந்தது. எட்டாவதில் ஒரு கை அகலத்துக்குக் கறை, அதற்கு மேல் பரவவில்லை. லெதவெர் அந்தக் கறையின் ஓரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரவவில்லை.

இளநீர் இரண்டு வாய் உள்ளே போன பிறகு நெயிமாக் கேட்டாள்: "ரேடியோவில யாரு இருந்தா?"

இலமெய் விசிறியைப் பார்த்தாள். லெதவெர் பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். இன்றைக்குச் சொன்ன ஒரு பொய்யே போதும் என்றும் நினைத்தாள்.

"உன் அண்ணன்."

"கேட்டானா? எல்லாத்தையுமா?"

"கேட்டான். நர்ஸ் சொன்னது எனக்குக் கேக்கலை. அவன்தான் கேட்டு எங்கிட்ட சொன்னான்."

நெயிமாக் பக்கத்தில் கிடந்த துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். துணி மேலும் கீழும் அசைந்தது. "பதினோரு வருஷத்துல எங்கிட்டகூட அவரு அவ்வளவு பேசினதில்ல, நெயி," என்று சொல்லிப் பார்த்தாள் இலமெய். துணிக்குள்ளிருந்து சிரிப்பு வரவில்லை. குழந்தை அசைந்தபோது மட்டும், முகத்தை மூடியபடியே, ஒரு கை நீண்டு அதை அணைத்துக்கொண்டது.

மேகம் விலகி வெயில் அடித்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில் லெதவெர் மறுபடி கொட்டகைக்குப் புறப்பட்டாள். யாப்புக்கு நிலவரம் சொல்ல வேண்டும். போகிற வழியெல்லாம் ஒரே பயம். அவன் இருக்க மாட்டான். இந்நேரம் படகைத் தள்ளிக்கொண்டு போயிருப்பான்.

யலிமார் பலகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் குனிந்து உள்ளே வந்தாள். அவன் மைக்கைப் பின்பக்கமாக நீட்டினான்.

"ஃபைலாங்! உயிரை வாங்கிட்டே போ!" மக்தலேனாவின் குரல் இப்போது பக்கத்து வீடு மாதிரி தெளிவாக இருந்தது. "வந்துச்சா? முழுசா? ரத்தம்? ஓவர்."

"வந்துச்சு. முழுசா. ரத்தம் கிட்டத்தட்ட நின்னுடுச்சு. இளநீர் குடிச்சா. ஓவர்."

"குழாயை எடுத்தப்புறம் மூத்திரம் போனாளா? உண்மையைச் சொல்லு! ஓவர்."

லெதவெர் தம்பியின் பின்கழுத்தைப் பார்த்தாள். அது அசையவில்லை. விரலும் நடுங்கவில்லை. குரல் ஒரே இடத்தில் நின்றது.

"போனா," என்றாள். "தானா போனா. ஒரு தடவை. நிறைய. ஓவர்."

"அப்போ பொழைச்சா. காய்ச்சல் வருதான்னு பாத்துக்கோ. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கூப்பிடு. ஒரு வாரத்துக்குத் தினமும் கூப்பிடணும். ஓவர்."

யலிமார் சுவிட்சை அணைத்தான். கொட்டகையில் வெளிக்கடலின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. லெதவெர் போகத் திரும்பினாள்.

"என்ன குழந்தை?" என்றான் அவன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா வழியில் நிலம் போகிற தீவில், அவர்கள் குலத்தில் ஒன்பது வருஷமாகப் பிறந்ததெல்லாம் ஆண்கள்.

"பொண்ணு."

அவன் தோள் ஒரு தரம் ஏறி இறங்கியது. சிரித்தானா, மூச்சுவிட்டானா, முதுகை வைத்துச் சொல்ல முடியாது.

"ஒரு வாரம் இருக்கேன்," என்றான். "அவங்க கேட்டு முடிக்கட்டும். அப்புறம் வடக்குத் திட்டுக்குப் போறேன். நெயி எழுந்து கூச்சமில்லாம பாதையில நடக்கணும்ல."

"எப்ப வருவே?"

"அவ கூப்பிட்டனுப்பினா வருவேன்."

கூப்பிட்டனுப்புவாளா என்று லெதவெருக்குத் தெரியவில்லை. அவனும் கேட்கவில்லை. வெளியே வந்து பத்தடி போன பிறகு, பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"ஆறு மணிக்கு அக்கா. அஞ்சே முக்காலுக்கே வந்துடு. காலையில குரல் ரொம்ப நழுவும்."